நான்கு வாத்துகளும் முப்பத்திரண்டு காலுறைகளும்

பெரியோர்களே, தாய்மார்களே, பெருக்கல் வாய்ப்பாடு இன்னும் முழுதாக மனப்பாடம் ஆகாத குழந்தைகளே, அவர்களைவிடக் கொஞ்சமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அவர்களை அதட்டுகிற தகப்பன்மார்களே! கணக்கைக் கண்டு மனிதகுலம் கண்ணீர் விட்ட காலம் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியோடு முடிவுக்கு வருகிறது என்பதை இதன்மூலம் அனைவருக்கும் அறிவித்துக்கொள்கிறோம்.

இப்படித்தான் அந்த நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ் ஆரம்பித்தது. இதற்குக் கீழே வாகனம் நிறுத்த இடவசதி உண்டு என்றும், கைக்குழந்தைகளை அழைத்து வர வேண்டாம் என்றும் போட்டிருந்தது.

மனிதகுலத்தின் கண்ணீரைத் துடைக்கப் புறப்பட்ட நூலின் பெயர் ‘கணக்கும் கெக்கெக்கேயும்’. அதன் ஆசிரியர் பகலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாலையில் குழந்தைகளுக்கான நகைச்சுவைக் கணித நூல்கள் எழுதுகிறவர். பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘சைலன்ஸ் சார்’ என்று பெயர். வகுப்பில் எந்த மூலையில் சிரிப்புச் சத்தம் கேட்டாலும் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே “சைலன்ஸ்!” என்பார். சிரித்தது யார் என்பது அவருக்கு முதுகிலேயே தெரிந்துவிடும். பகல் முழுக்க அணைத்துவிட்டு வந்த சிரிப்பை மாலையில் வீட்டு மேசையில் உட்கார்ந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இதற்கு முன் அவர் ஐந்து நகைச்சுவைக் கணித நூல்கள் எழுதியிருந்தார். ஐந்தையும் பெற்றோர்கள் வாங்கினார்கள். குழந்தைகளிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய எழுத்து முறையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பரீட்சையில் விடை மட்டும் எழுதினால் அவர் மதிப்பெண் போடமாட்டார். அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும். இந்தக் கொள்கையை அவர் நகைச்சுவைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் எழுதிய ஒவ்வொரு ஜோக்குக்கும் கீழே வழிமுறை இருக்கும். எடுத்துக்காட்டாக, அவருடைய இரண்டாம் நூலில் ஒரு யானை பேருந்தில் ஏறி மூன்று இருக்கைகளில் உட்காரும். நடத்துநர் மூன்று டிக்கெட் கேட்பார். அப்படியானால் ஐந்து யானைகளுக்கு எத்தனை டிக்கெட்? இது கணக்கு. இதன் கீழே:

படி 1: யானை பெரியது.
படி 2: இருக்கை சிறியது.
படி 3: பெரியது சிறியதில் அடங்காது.
எனவே, இது நகைச்சுவை.

கடைசி வரியின் கீழ் இரட்டைக் கோடும் போட்டிருக்கும்.

ஊரார் குழந்தைகள் எல்லாம் இதைப் படித்துச் சிரிக்கிறார்கள் என்று அவர் நம்பினார். நம்ப முடியாமல் போனது ஒரே ஒரு குழந்தையைப் பற்றி. அது அவர் வீட்டிலேயே இருந்தது.

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. தாய்மாமன் அவளுக்கு வைத்த பெயர் ‘ஜட்ஜம்மா’. யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். எதிரே இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கமாட்டாள். புது மூக்குக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்ட பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதை இன்றுவரை இரண்டாம் முறை போடவில்லை.

அவள் சிரிக்காத குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாகச் சிரிப்பாள். சிரிப்பு வந்தால் முதலில் சத்தமே வராது. காது இரண்டும் சிவக்கும். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டு தரைக்குப் போவாள். தரையில்தான் சத்தம் ஆரம்பிக்கும். தாய்மாமன் தும்மினால் சிரிப்பாள். அம்மாவின் பல் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் தாடையை வைத்துக்கொண்டு அதைப் பேசவைத்து அவளாகவே சிரிப்பாள். அடுத்த அறையிலிருந்து அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நூலாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார். வாசலில் நின்று, “என்ன ஜோக்? எனக்கும் சொல்லுங்களேன்,” என்பார். அதைக் கேட்டதும் அங்கே இருந்த ஜோக் உயிரை விட்டுவிடும். மகள், அம்மா, மாமன் மூவரும் அவரையே பார்ப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

ஐந்து புத்தகத்தில் ஒரு பக்கத்துக்காவது அவள் சிரித்ததில்லை. ஆறாவதுக்காவது சிரிக்க வேண்டும். மனிதகுலம், கண்ணீர் இதெல்லாம் அழைப்பிதழுக்காக. அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

பதிப்பாளரின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. பசை வாசனையும் டியூப் ரப்பர் வாசனையும் படியிலேயே ஒன்றாகக் கலந்துவிடும். உள்ளே ஒரே நாற்காலிதான். அதில் பதிப்பாளர் இருப்பார். வருகிறவர்கள் உட்கார விற்காத பிரதிகளின் கட்டுகள் சுவரோரம் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. தன்னுடைய மூன்றாவது நூலின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நூலாசிரியர் ஆறாவது நூலைப் பற்றிப் பேசினார். அடுத்த கட்டின் மேல் அவருடைய மைத்துனன் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி, ஜட்ஜம்மாவுக்குப் பெயர் வைத்த அதே தாய்மாமன்; புத்தகத்துக்குப் படம் போடுகிறவன்.

“புத்தகம் பிரமாதம் சார்,” என்றார் பதிப்பாளர்.

“முழுக்கப் படிச்சிட்டீங்களா?”

“படிக்கவே வேண்டாம் சார். தூக்கிப் பார்த்தாலே தெரியுது. ஒண்ணே ஒண்ணுதான்.” அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, விரல் படாமல் சுட்டிக்காட்டினார். “இது என்ன?”

“எட்டுக்கால் பூச்சி. நாலு எட்டுக்கால் பூச்சி கடைக்குப் போய்க் காலுறை வாங்குது. ஒரு காலுக்கு ஒண்ணு. மொத்தம் எத்தனைன்னு கணக்கு. கடைசிக் காலுக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள முதல் கால்ல போட்டது அழுக்காயிடுது. அதுதான் நகைச்சுவை. கீழே வழிமுறை குடுத்திருக்கேன்.”

“அதெல்லாம் சரி சார். புத்தகம் வாங்கறது யாரு? அம்மாமாருங்க. கடையில கையில எடுத்துப் புரட்டறாங்க. இந்தப் பக்கம் வருது. வீல்னு கத்திக் கீழே போடுவாங்க. போட்ட புத்தகத்தை யாரும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை. பூச்சி வேண்டாம். வாத்து போடுங்க. வாத்து விக்கும்.”

நூலாசிரியர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் கண்களை மூடிக்கொண்டு மூக்கை வலது கையால் பிடித்துக்கொள்வார்.

“வாத்துலயும் நகைச்சுவை இருக்கத்தான் செய்யுது,” என்றார். “முதல்ல அதோட நடை. ரெண்டாவது அலகு. மூணாவது, தன்னைப் பத்தி அதுக்கு இருக்கிற பெரிய நினைப்பு.”

“அத்தான், அந்த மூணாவது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான் மைத்துனன்.

“கவனிச்சாத் தெரியும்.”

“சும்மா கேட்டேன்.”

வாத்தா அன்னமா என்று பிறகு நெடுநேரம் விவாதம் நடந்தது. அன்னத்தைப் பார்த்தால் மரியாதைதான் வரும், சிரிப்பு வராது என்று முடிவாயிற்று. வாத்து வெள்ளையா மஞ்சளா என்று விவாதம் நடந்தது. காலுறையில் கோடு போட்டால் சிரிப்பு வருமா, புள்ளி வைத்தால் வருமா என்று விவாதம் நடந்தது. மூன்று பேரும் படித்தவர்கள். மூன்று பேரும் வாத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் அத்தான்,” என்றான் மைத்துனன். “எனக்குக் கால் வரைய வராது. மனுஷக் காலே வராது. வாத்துன்னா குளத்துல மிதக்க விட்டுடுவேன். அலகுல ஆளுக்கு ஒரு பை. பையில காலுறை.”

“குளமா? நல்லா இருக்கும். நீலக் கலர் விக்கும்,” என்றார் பதிப்பாளர்.

நகைச்சுவைக்கு இதனால் பாதிப்பு உண்டா என்று நூலாசிரியர் மறுபடியும் மூக்கைப் பிடித்து யோசித்து, இல்லை என்றார். பதிப்பாளர் கம்ப்யூட்டரைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். ‘எட்டுக்கால் பூச்சி’ என்பதைத் தேடி ‘வாத்து’ என்று மாற்றச் சொல்லித் தம் கையாலேயே ஒரு பொத்தானைத் தட்டினார். பூச்சி இருந்த இடத்திலெல்லாம் வாத்து வந்து உட்கார்ந்தது. பூச்சிகள் வாத்துகள் ஆயின. பூச்சிக்கு என்பது வாத்துக்கு ஆயிற்று. எந்த இடத்திலும் ஒரு எழுத்துகூட இடிக்கவில்லை. மற்ற எதையும் யாரும் தொடவில்லை.

“ஆச்சு சார். அடுத்தது பின் அட்டை. பெரிய மனுஷர் யாராவது ரெண்டு வரி எழுதிக் குடுக்கணும்.”

“கல்வி அதிகாரி விழாவுக்குத் தலைமை தாங்கறார். அவரைக் கேட்டோமே.”

“கேட்டேன். புத்தகம் வெளிவந்ததும் படிச்சிட்டு எழுதறேங்கறார். வெளிவந்தப்புறம் எதுக்கு சார் பின் அட்டை?” பதிப்பாளர் சற்று யோசித்துவிட்டு, “வீட்டுல குழந்தை இருக்கில்ல?” என்றார்.

“இருக்கா.”

“சிரிக்குமா?”

நூலாசிரியர் வாயைத் திறந்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

“சிரிப்பா,” என்றார் நூலாசிரியர்.

அவ்வளவுதான். ‘ஆசிரியரின் சொந்த மகளே விழுந்து விழுந்து சிரித்த புத்தகம்!’ என்ற வாக்கியம் சிவப்பு எழுத்தில் பின் அட்டையில் ஏறியது.

அட்டையின் மாதிரி வீட்டுக்கு வந்த மாலையில் நால்வரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ஜட்ஜம்மா அதை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

“அப்பா, உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்கா?”

அம்மாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

“இல்லையே கண்ணு. ஏன்?”

“அப்போ இது நானா?”

“ஆமா.”

“நான் எப்போப்பா சிரிச்சேன்?”

“இன்னும் சிரிக்கலை. சிரிப்பே. புத்தகம் வரதுக்கு நாள் இருக்கில்ல, அதுக்குள்ள சிரிச்சிடுவே. அச்சடிக்க நேரமாகும்கிறதால முன்னாடியே போட்டுட்டாங்க.”

“சிரிக்கலைன்னா?”

“ஏங்க,” என்றாள் அம்மா. அவள் பல் டாக்டர். “என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஒருத்தர் வாய் எப்போ திறக்கும்னு முன்கூட்டிச் சொல்ற தைரியம் எனக்கே வந்ததில்லை. நான் ஊசி வேற வெச்சிருக்கேன்.”

“நீ சும்மா இரு.”

“விழாவுல யாராவது கேட்டா நான் என்னப்பா சொல்லணும்?” என்றாள் ஜட்ஜம்மா.

“என்ன சொல்லுவே?”

“சிரிக்கலைன்னு சொல்லுவேன்.”

“கேக்கலைன்னா?”

அவள் இதை நியாயமாக யோசித்துப் பார்த்தாள். “கேக்கலைன்னா சும்மா இருப்பேன்.”

நூலாசிரியருக்கு மேடையில் அவமானம் என்பது ஒரு பக்கம். கேட்காவிட்டால் சும்மா இருப்பேன் என்று அவள் அவரிடம் இரக்கப்பட்டுச் சொன்னது அதைவிடக் கனமாக இருந்தது.

அன்று முதல் வீட்டில் சிரிப்பு முயற்சிகள் தொடங்கின. நூலாசிரியர் தம்மிடம் இருந்த பழைய தட்டச்சுப் பிரதியை எடுத்தார். அது வாத்து வருவதற்கு முந்திய பிரதி. சோபாவில் மகளை உட்காரவைத்து, எதிரே நின்று ஒவ்வொரு ஜோக்காக வாசித்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கிளினிக்கில் தன் முறைக்காகக் காத்திருப்பவர்களைப் போலக் கேட்டாள். குரங்கு பலூன்களைப் பங்கு பிரிக்கும் இடத்தில் அவர் குரங்குக் குரலில் வாசித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டி, சாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

“அத்தான், பேசாம கிச்சுகிச்சு மூட்டிடலாமா?” என்றான் மைத்துனன். “சிரிச்சா போதும்தானே? எதுக்குச் சிரிச்சான்னு பின் அட்டையில போடலையே.”

“இது இலக்கியம்டா.”

“அதான் சிரிப்பு வரலையோ என்னவோ.”

கடைசியில் ஜட்ஜம்மாவே ஒரு யோசனை சொன்னாள். “அந்தத் தாளைக் குடுங்கப்பா. நானே படிக்கறேன். நீங்க எதிர்ல நின்னு என் வாயையே பார்த்துட்டிருந்தா எப்படி?”

அவள் பிரதியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். நூலாசிரியர் வெளியே கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. ஒருமுறை அழிரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது. தரையில் விழும் சத்தம் கேட்கவே இல்லை.

வெளியே வந்தபோது எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருந்தாள். அத்தனையும் சரி. எட்டுக்கால் பூச்சிக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். ஜோக்குகளின் மேல் மட்டும் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடு.

“இது என்ன கண்ணு, ஏன் அடிச்சிருக்கே?”

“அது கணக்குக்கு வேணாம்பா. எடுத்துட்டாக்கூட விடை அதேதான் வருது.”

“சரி, கணக்கு எப்படி இருந்தது?”

“கணக்கெல்லாம் சூப்பர்ப்பா!” அவள் முகம் மலர்ந்தது. “அந்தக் காலுறைக் கணக்கு, மீதி வர்ற பலூன் கணக்கு எல்லாம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஜாலியாப் போட்டுட்டே வந்தேன். நடுநடுவுல ஜோக் வந்து வந்து நிக்குது. அதைத் தாண்டித் தாண்டி வர வேண்டியிருக்கு.”

நூலாசிரியர் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கணக்கு கசப்பு, அதற்குச் சர்க்கரை தடவ வேண்டும் என்று ஐந்து முன்னுரைகளில் எழுதியவர் அவர். இங்கே ஒருத்தி சர்க்கரையைச் சுரண்டி ஓரத்தில் வைத்துவிட்டு மாத்திரையை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

“ஜோக்கு புரியலையா?”

“நல்லாப் புரிஞ்சுதுப்பா. ஏன் சிரிக்கணும்னு கீழேயே எழுதிடறீங்களே. படி ஒண்ணு, படி ரெண்டு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. படிச்சதும், ‘ஓ, சரி’ன்னு தோணுது. அப்புறம் எதுக்குச் சிரிக்கணும்?”

அவர் பிரதியை வாங்கி, படி ஒன்றிலிருந்து மறுபடியும் படித்துப் பார்த்தார்.

விழா நாள் வந்தது. மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடின; கடைசி வரிசை நாற்காலிகள் முதலில் நிறைந்தன. மகளிடம் மேடையில் எதையும் கேட்க வேண்டாம் என்று நூலாசிரியர் பதிப்பாளரிடம் இரண்டு கையையும் பிடித்துச் சொல்லியிருந்தார். பதிப்பாளரும் சத்தியம் செய்திருந்தார். வாசலில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் இப்படி இருந்தது: வரவேற்புரை, தலைமையுரை, நூல் வெளியீடு, ஆசிரியரின் மகள் வாசித்துச் சிரித்தல், நன்றியுரை.

“நான் கேக்க மாட்டேன்னுதான் சார் சொன்னேன்,” என்றார் பதிப்பாளர். “கேக்கலையே. நேரம்தான் ஒதுக்கியிருக்கேன்.”

தலைமை தாங்கிய கல்வி அதிகாரி, குழந்தைகளின் வாழ்வில் சிரிப்பின் இன்றியமையாமை குறித்துப் பேசினார். சிரிப்பின் வகைகள், சிரிப்பின் பயன்கள், சிரிப்பு குறித்து அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் என்று மூன்று தலைப்புகள். மூன்றாவதுக்கு வருவதற்குள் முன்வரிசையில் இருந்த இரண்டு குழந்தைகள் தூங்கிவிட்டன. அதிகாரியின் உதடு ஒருமுறைகூட மேலே வளையவில்லை. நூலாசிரியர் அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜம்மாவை அழைத்தார்கள். அவளுக்கு உயரமான ஒரு நாற்காலி போட்டு, மைக்கை இறக்கி வைத்தார்கள். பதிப்பாளர் புத்தம்புது பிரதி ஒன்றில் நீலக் குளம் போட்ட பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அந்தப் பக்கத்தின் அச்சு நன்றாக வந்திருந்தது என்பதுதான் காரணம். அச்சான புத்தகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். எதிரே முதல் வரிசையில் அம்மாவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். நூலாசிரியர் மகளின் முகத்தைப் பார்க்காமலிருக்க மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

“நான்கு வாத்துகள் காலுறை வாங்கக் கடைக்குப் போயின,” என்று அவள் தெளிவாக வாசித்தாள். அந்த இடத்தில் புருவம் கொஞ்சம் ஏறியது. வாசிப்பு நிற்கவில்லை. “ஒரு காலுக்கு ஒரு காலுறை. கடைசிக் காலுறையைப் போட்டு முடிப்பதற்குள் முதல் காலுறை அழுக்காகிவிட்டது. அப்படியானால் மொத்தம் எத்தனை காலுறைகள்? படி ஒன்று. ஒரு வாத்துக்கு எட்டுக்...”

நிறுத்தினாள்.

படத்தைப் பார்த்தாள். நான்கு வாத்துகள் மிகவும் கௌரவமாக மிதந்துகொண்டிருந்தன. அவள் அந்த வரியை வாய்க்குள் மறுபடி படித்தாள்.

அம்மா தன் தம்பியின் முழங்கையைப் பிடித்தாள். “டேய், காதைப் பாரு.”

காது இரண்டும் சிவந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. தோள் குலுங்கியது. ஜட்ஜம்மா உயரமான நாற்காலியிலிருந்து, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, மெல்ல மெல்ல வழுக்கி மேடைத் தரைக்கு வந்து சேர்ந்தாள். தரையைத் தொட்டதும் சத்தம் வெடித்தது. எழுந்து உட்கார்ந்தாள், பக்கத்தைப் பார்த்தாள், மறுபடியும் விழுந்தாள். பின் அட்டையில் போட்டிருந்தது எழுத்துக்கு எழுத்து நிறைவேறிக்கொண்டிருந்தது.

நூலாசிரியர் தண்ணீர்க் குவளையிலிருந்து தலையைத் தூக்கினார். முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு ஒரு வெளிச்சம். அடுத்த அறையில் கேட்டுக் கேட்டு எழுந்து போன அந்தச் சத்தம் இப்போது அவர் காலடியிலேயே உருண்டுகொண்டிருந்தது. அவருடைய பக்கத்துக்காக. அவர் எழுதிய வரிக்காக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் வாத்தியார். சபை காரணம் தெரியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. காரணம் தெரியாமல் சிரிப்பதற்கு அவர் மதிப்பெண் போடுவதில்லை. இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

“குழந்தை ஏன் சிரிக்கிறாள் என்பதை விளக்கிவிடுகிறேன்,” என்றார், கம்பீரமாக. “படி ஒன்று. ஒரு வாத்துக்கு எட்டுக் கால்கள்.”

பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு பீறிட்டது.

“படி இரண்டு,” என்றார் நூலாசிரியர், குரலை உயர்த்தி. “நான்கு வாத்துகளுக்கு, நான்கு பெருக்கல் எட்டு, முப்பத்திரண்டு கால்கள். எனவே...”

அந்த ‘எனவே’ யாருக்கும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்துவிட்டன. மைத்துனன் தன் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். பல் டாக்டர் அத்தனை வாய்களும் ஒருசேரத் திறந்திருப்பதைத் தொழில்முறையில் கவனித்தபடி தானும் வாயைத் திறந்திருந்தாள். பதிப்பாளர் எல்லோரையும் படம் எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். அதிகாரி மட்டும் இது எந்த வகைச் சிரிப்பு என்று தம் உரைக்குறிப்பில் தேடினார்.

நூலாசிரியர் வாழ்நாளில் கண்டிராத அந்த வெற்றியில் நின்றுகொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து ஜட்ஜம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் நீர்.

“அப்பா... எட்டுக் காலாப்பா? வாத்துக்கு?”

அவர் புத்தகத்தைப் பார்த்தார். முதல் முறையாக, ஜோக்கை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தார்.

பொத்தானைத் தட்டியவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். அவரைக் கை காட்டியிருக்கலாம். அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கலாம். “சைலன்ஸ்!” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், அது தொண்டைவரை வந்தும்விட்டது. கீழே பார்த்தார். பதில் வேண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் சிரிப்பு இன்னும் அணையாமல் நின்றுகொண்டிருந்தது. இவர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்து அது அணையும், அல்லது எரியும். வாசலில் நின்று “என்ன ஜோக்?” என்று கேட்ட நாள்களெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

அவர் படத்தைக் காட்டினார்.

“ரெண்டு காலைத்தான் எல்லாரும் பார்த்திருக்கோம்,” என்றார். “மீதி தண்ணிக்குள்ள இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குக் கீழே படி எதுவும் போடவில்லை.

ஜட்ஜம்மா படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காது மறுபடியும் சிவந்தது. எழுந்திருக்க முயன்றவள் திரும்பவும் மேடையில் சாய்ந்தாள். இந்த முறை அவருடைய காலைக் கட்டிக்கொண்டே விழுந்ததால் அவரும் தள்ளாடி, மேசையைப் பிடித்து, குவளையைக் கவிழ்த்து, அதிகாரியின் மூன்றாம் தலைப்பை முழுவதும் நனைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் அவரும் சிரித்தார். மனைவி அவருடைய கடைவாய்ப் பல்லில் ஒரு சொத்தை இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் இருக்கையில் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள், “அப்பா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“தண்ணிக்குள்ள.”

நூலாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதுல நகைச்சுவை என்னன்னா கண்ணு, முதல் படி...”

“வேணாம்பா,” என்று அவள் தன் சின்னக் கையால் அவர் வாயைப் பொத்தினாள். “நல்லாத்தான் போயிட்டிருந்தது.”

இதற்குப் பிறகு நடந்தவை வழக்கமான பெரிய மனிதர் காரியங்கள். பிரதிகள் அத்தனையும் அச்சாகிவிட்டதால் திருத்தச் சீட்டு ஒன்று ஒட்ட வேண்டியிருந்தது. அதன் வாசகத்தை முடிவுசெய்ய சைக்கிள் கடை மாடியில் கூட்டம் கூடியது. சீட்டும் சிரிப்பு வரும்படி இருக்க வேண்டும், அப்போதுதான் விற்கும் என்றார் பதிப்பாளர். பிழை நேர்ந்த விதத்தை ஆறு படிகளில் விளக்க வேண்டும் என்றார் நூலாசிரியர். எழுதியும் கொண்டுவந்திருந்தார், இரட்டைக் கோட்டோடு. கால் வரையச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்றான் மைத்துனன். வாத்து தண்ணீரை விட்டு வெளியே வருவதா வேண்டாமா என்பதில் பிளவு ஏற்பட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, மறுபடியும் கூடி, மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் நூலாசிரியர் சொல்லி, ஜட்ஜம்மா பென்சிலால் எழுதிக்கொடுத்ததையே அப்படியே அச்சடித்து ஒட்டினார்கள்.

அதில் இருந்தது ஒரே வரி.

வாத்துக்கு இரண்டு கால்கள்.